ஷிஃப்ட்டை ஐந்து தடவை தட்டினால்

விண்டோஸ் கம்ப்யூட்டரில் ஷிஃப்ட் விசையை ஐந்து தடவை தட்டினால் ஒரு சத்தம் வரும். கூடவே ஒரு பெட்டி எழும்பி, ‘ஸ்டிக்கி கீஸை இயக்கட்டுமா?’ என்று கேட்கும். பிரவுசிங் சென்டர் காலத்தில் கேம் ஆட உட்கார்ந்த பையன்களுக்கு இந்தப் பெட்டிதான் பரம எதிரி. ஓடவும் சுடவும் ஷிஃப்ட்டைத் தட்டிக்கொண்டே இருப்பார்கள். ஜெயிக்கப்போகிற நேரம் பார்த்துப் பெட்டி குறுக்கே நிற்கும். எரிச்சலில் ‘சரி’யை அழுத்திவிட்டு எழுந்து போவார்கள். அடுத்து அதே நாற்காலியில் பயோடேட்டா அடிக்க உட்கார்ந்தவர் பாடு திண்டாட்டம். இரண்டு தடவை ஷிஃப்ட்டைத் தொட்டால் போதும், அது அமுங்கியபடியே நின்றுவிடும். அடிக்கிறதெல்லாம் பெரிய எழுத்தாக விழும். “சிஸ்டத்துல வைரஸ்” என்று கடைக்காரர் வேறு சிஸ்டத்துக்கு மாற்றி உட்கார வைப்பார்.

அது வைரஸ் இல்லை. ஒரு கையால் மட்டும் தட்டச்சு செய்கிறவருக்காக, விரல்களைச் சேர்த்து அழுத்த முடியாதவருக்காகச் செய்த ஏற்பாடு. கண்ட்ரோல், ஆல்ட், டெலிட் மூன்றையும் ஒரே நேரத்தில் பிடிக்க இரண்டு கை வேண்டும். ஸ்டிக்கி கீஸ் இருந்தால் ஒன்றன்பின் ஒன்றாகத் தட்டினால் போதும். இந்த வகை வசதிகளில் பலவற்றுக்கு வேர் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில், கிரெக் வாண்டர்ஹைடன் நடத்திய டிரேஸ் மையத்தில் இருக்கிறது. 1995-இல் விண்டோஸ் 95 வந்தபோது அவை கண்ட்ரோல் பேனலுக்குள்ளேயே இடம்பிடித்தன, சக்கர நாற்காலிப் படம் போட்ட ஓர் ஐகானாக. அதைத் திறந்து பார்த்தவர்கள் மிகக் குறைவு. கம்ப்யூட்டர் வகுப்புகளில் எக்செல் உண்டு, பவர்பாயின்ட் உண்டு. சக்கர நாற்காலி ஐகான் பாடத்தில் வராது. ஆகவே நம் ஊரில் பெரும்பாலோர் இந்த வசதிகளை முதன்முதலில் சந்தித்ததே கோளாறாகத்தான்.

ஸ்டிக்கி கீஸாவது பரவாயில்லை. அதைவிட ஆளைச் சுற்றவைத்தது ஃபில்டர் கீஸ். வலது பக்க ஷிஃப்ட்டை எட்டு விநாடி பிடித்திருந்தால் அது வரும். அடுத்து என்ன எழுதலாம் என்று யோசித்தபடி விரலை அங்கேயே வைத்திருக்கிறவருக்கு எட்டு விநாடி ஒரு பொருட்டே இல்லை. வந்த பெட்டியைப் படிக்காமல் என்டர் தட்டினால் முடிந்தது கதை: அதன்பின் விசையைச் சட்டென்று தட்டினால் கம்ப்யூட்டர் கண்டுகொள்ளாது. கை நடுக்கம் உள்ளவர் தெரியாமல் இடிக்கிற விசைகளை ஒதுக்குவதற்கான ஏற்பாடு அது. வேகமாக அடிக்கிறவருக்கோ விசைப்பலகையே செத்துப்போன மாதிரி இருக்கும். அன்று இதற்கு மருந்து புதுக் கீபோர்டு. வாங்கி வந்து மாட்டிப் பார்த்தால் அதுவும் அடிக்காது. இன்று இது ஒரு போன் பேச்சில் முடிகிற விவகாரம்.

“அண்ணே, கீபோர்டு போயிடுச்சு. எதைத் தட்டினாலும் விழ மாட்டேங்குது.”

“அழுத்திப் பிடிச்சா?”

“பிடிச்சா ஒண்ணு விழுது.”

“அப்ப கீபோர்டு நல்லாத்தான் இருக்கு தம்பி. வலது ஷிஃப்ட்டை எட்டு செகண்டு அப்படியே பிடிச்சிரு.”

வந்த வழியிலேயே போய்விடும். இதைத் தெரிந்த ‘அண்ணன்’ அன்று தெருவுக்கு ஒருவர்கூடக் கிடையாது. இருந்தவர் சர்வீஸ் பையன். ரிச்சி தெருவிலோ உள்ளூர்க் கடையிலோ அசெம்பிள் செய்த சிஸ்டத்துக்கு அவர்தான் குடும்ப டாக்டர். தோளில் ஒரு பை. அதற்குள் ஜிப் வைத்த சி.டி. உறை, உறைக்குள் மார்க்கரால் எழுதிய எக்ஸ்.பி. சி.டி., மதர்போர்டு டிரைவர் சி.டி., ஆன்டிவைரஸ் சி.டி. எந்தக் கோளாறைச் சொன்னாலும் பத்து நிமிஷம் அங்கும் இங்கும் கிளிக் செய்துவிட்டு அவர் சொல்லும் தீர்ப்பு ஒன்றே: “ஃபார்மட் அடிச்சிரலாம் சார். முக்கியமான ஃபைல் எல்லாம் டி டிரைவ்ல இருக்குல்ல?” இருக்காது. டெஸ்க்டாப்பிலும் மை டாக்குமென்ட்ஸிலும்தான் இருக்கும். அவை இரண்டும் சி டிரைவைச் சேர்ந்தவை என்பது போட்டோக்கள் போன பிறகுதான் வீட்டுக்காரருக்குத் தெரியவரும். சர்வீஸ் பையனையும் முழுக்கக் குறை சொல்ல முடியாது. ஒரு நாளைக்கு நாலு வீடு போக வேண்டிய ஆள். எந்த அமைப்பு எங்கே மாறியது என்று தேடி நேரத்தைத் தொலைப்பதைவிட எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகப் போடுவது அவருக்கு நிச்சயமான வழி.

ஃபார்மட் ஒருவருக்கு மட்டும் மிகக் கொடுமையாக முடிந்தது. பார்வையற்றவருக்கு. எக்ஸ்.பி.யைப் போட்டதும் சவுண்டு டிரைவர் பல நேரம் தானாக வராது. டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் கேள்விக்குறி நிற்கும். பார்க்கிறவருக்கு அது பாட்டு கேட்காத தொந்தரவு, அவ்வளவே. திரையை வாசித்துச் சொல்லும் மென்பொருளை நம்பியிருப்பவருக்கு, சத்தம் இல்லையென்றால் கம்ப்யூட்டரே இல்லை. டிரைவர் சி.டி.யைத் தேடிப் போட இன்னொருவரின் கண் வேண்டும். இன்றைய விண்டோஸ் நிறுவும்போதே பெரும்பாலும் ஒலியைக் கண்டுபிடித்துக்கொள்கிறது. நிறுவும் கட்டத்திலேயே கண்ட்ரோல், விண்டோஸ் விசை, என்டர் மூன்றையும் சேர்த்து அழுத்தி நரேட்டரைப் பேசவைத்துவிடலாம். துணைக்கு ஆள் இல்லாமல் தன் கம்ப்யூட்டருக்குத் தானே விண்டோஸ் போட்டுக்கொள்கிற பார்வையற்ற இளைஞருக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்பது, அந்த மஞ்சள் கேள்விக்குறியில் மாட்டியவருக்குத்தான் தெரியும்.

கண் தெரிகிறவர்களின் கண்ணையும் அன்றைய திரை படுத்தியது. பெட்டி மாதிரி உப்பிய பழைய மானிட்டர் விநாடிக்கு 60 முறை திரையை வரைந்தால் லேசாகத் துடிப்பது போலிருக்கும்; மாலைக்குள் தலைவலி. டிஸ்ப்ளே பிராப்பர்ட்டீஸ், செட்டிங்ஸ், அட்வான்ஸ்டு, மானிட்டர் என்று நான்கு படி இறங்கி 75 அல்லது 85 என்று மாற்றினால் துடிப்பு நிற்கும். இந்த நாலு படி தெரியாமல் கண்ணாடிக் கடைக்குப் போனவர்கள் உண்டு. மானிட்டர் தாங்காத எண்ணைக் கொடுத்துவிட்டால் திரை கறுத்து ‘அவுட் ஆஃப் ரேஞ்ச்’ என்று வரும். எதையும் தொடாமல் 15 விநாடி சும்மா இருந்தால் பழைய அமைப்புக்கு அதுவே திரும்பிவிடும். பதறிப்போய்ச் சும்மா இருக்காமல் கையில் பட்டதையெல்லாம் தட்டுவதுதான் மனித சுபாவம். அப்புறம் மறுபடி சர்வீஸ் பையன்.

எழுத்து சின்னதாகத் தெரிகிறது என்ற புகாருக்கு அன்று ஒரே பதில், ரெசல்யூஷனைக் குறைப்பது. 1024-க்கு 768 இருந்ததை 800-க்கு 600 ஆக்குவார்கள். எழுத்து பெரிதாகும், பாதிப் பக்கம் திரைக்கு வெளியே போய்விடும். இன்று ரெசல்யூஷனைத் தொடவே கூடாது. தட்டைத் திரையில் அதைக் குறைத்தால் எழுத்து மங்கும். ஸ்கேலை 125 அல்லது 150 சதவீதம் ஆக்க வேண்டும், அல்லது விண்டோஸ் 11-இல் எழுத்தளவை மட்டும் 225 சதவீதம் வரை நகர்த்தலாம். ஆனாலும் பழக்கம் விடவில்லை. ஓய்வுபெற்ற அப்பாக்களின் கம்ப்யூட்டரில் இன்றும் பிள்ளைகள் முதலில் குறைப்பது ரெசல்யூஷனைத்தான்.

தமிழைப் படிப்பதும் ஒரு காலத்தில் செட்டிங்ஸ் பிரச்சினையாகவே இருந்தது. எக்ஸ்.பி.யில் யுனிகோட் தமிழ்ப் பக்கத்தைத் திறந்தால் கட்டம் கட்டமாக வரும். இல்லாவிட்டால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும், கால் தனியாக விலகி நிற்கும். ரீஜனல் அண்டு லாங்குவேஜ் ஆப்ஷன்ஸில் ‘காம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட்’ என்ற வரிக்கு முன்னால் ஒரு டிக் போட வேண்டும். போட்டதும் அது எக்ஸ்.பி. சி.டி.யைக் கேட்கும். சி.டி. சர்வீஸ் பையனின் பையில் இருக்கும். தாய்மொழியில் ஒரு பக்கம் படிப்பதற்கு இத்தனை சுற்று. சி.டி. இல்லாமலே இந்த வேலையை முடித்துக்கொடுத்த என்.எச்.எம். ரைட்டர் போன்ற இலவச மென்பொருள்களுக்கும், அதற்கு முன்பே வந்த இ-கலப்பைக்கும், வலைப்பதிவு எழுத வந்த ஒரு தலைமுறையே கடன்பட்டிருக்கிறது. விஸ்டாவுக்குப் பிறகு அந்த டிக்கும் தேவைப்படவில்லை. இப்போது கல்லூரியில் படிக்கிறவர்களிடம் இதைச் சொன்னால் கதை விடுவதாக நினைப்பார்கள்.

பார்வையற்ற தமிழருக்கு இதன் அடியில் இன்னொரு சுவர் இருந்தது. எந்த அமைப்பை மாற்றினாலும் அது நகராது.

டி.டி.பி. சென்டர்களில் பாமினி எழுத்துரு கொடிகட்டிப் பறந்த காலம். அரசு அலுவலகங்களில் வானவில். பாமினியில் ‘அம்மா’ என்று அடித்தால் திரையில் அம்மா தெரியும். ஆனால் கோப்புக்குள் உட்கார்ந்திருப்பது ஆங்கில எழுத்துகள்: எம், கே, அரைப்புள்ளி, கே, எச். அந்த ஆங்கில எழுத்துகளுக்கு மேல் தமிழ் வடிவத்தைப் போர்த்தியிருந்தார்கள், அவ்வளவுதான். கண்ணால் பார்க்கிறவருக்கு எந்தக் குறையும் தெரியாது. திரைவாசிப்பான் கண்ணால் பார்ப்பதில்லை; கோப்பில் உள்ளதை வாசிக்கிறது. ஒரு சிறுகதையைத் திறந்தால் பொருளில்லாத ஆங்கில எழுத்துக் குவியலை மூச்சுவிடாமல் ஒப்பிக்கும். ‘தமிழ்’ என்ற சொல்லே ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி.

திரைவாசிப்பான் என்றால் அன்று ஜாஸ்தான். விபத்தில் பார்வை இழந்த டெட் ஹென்டர் தொடங்கிய நிறுவனம் 1989-இல் டாஸுக்காக அதை வெளியிட்டது. பின்னர் விண்டோஸுக்கு வந்தது. அருமையான மென்பொருள். விலை ஏறத்தாழ ஆயிரம் டாலர், கம்ப்யூட்டரைவிட அதிகம். அதோடு அன்று வந்த குரலுக்குத் தமிழ் தெரியாது. ஆகவே கம்ப்யூட்டர் கற்ற பார்வையற்ற தமிழர் பலர், ஆங்கிலத்தில் வேலை செய்து தமிழைப் பிரெய்லிலும் ஒலிநாடாவிலும் வைத்துக்கொண்டார்கள். தமிழ் இலக்கியத்தில் பட்டம் பெற்றவருக்கும் அதே நிலைதான்.

2006-இல் ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கர்ரன் என்ற பார்வையற்ற இளைஞர் என்.வி.டி.ஏ.வை எழுதத் தொடங்கினார். காசு கிடையாது, யாரும் இறக்கிக்கொள்ளலாம். அதோடு வந்த ஈஸ்பீக் குரலுக்குத் தமிழும் வந்தது. இயந்திரம் பேசுகிற கரகர தமிழ்தான். பழக்கமில்லாதவருக்கு முதல் பத்து நிமிஷம் ஒன்றும் புரியாது. பழகியவர்கள் அதை நாம் நினைத்துப் பார்க்க முடியாத வேகத்தில் ஓடவிட்டுக் கேட்கிறார்கள். விண்டோஸ் 10-இலிருந்து மைக்ரோசாஃப்ட்டின் சொந்தத் தமிழ்க் குரலும் கிடைக்கிறது. அதற்கு அவர்கள் வைத்த பெயர் வள்ளுவர். மொழி அமைப்பில் தமிழைச் சேர்த்துப் பேச்சுப் பகுதியையும் இறக்கிக்கொண்டால் வள்ளுவர் வந்துவிடுவார். அந்தப் பகுதியை விட்டுவிட்டு ‘குரல் வரவில்லை’ என்று திண்டாடுகிறவர்கள் நிறைய.

ஆனால் எந்தக் குரல் வந்தாலும் வாசிக்க யுனிகோட் வேண்டும். 2010 ஜூனில் கோவை செம்மொழி மாநாட்டையொட்டித் தமிழக அரசு யுனிகோடைத் தரமாக அறிவித்தது. செட்டிங்ஸ் பக்கங்களை எத்தனை முறை மாற்றிக் கட்டினாலும், ஒரு பார்வையற்ற தமிழ் வாசகருக்கு இந்த முப்பது ஆண்டுகளில் கிடைத்த மிகப் பெரிய வசதி, கோப்புக்குள் தமிழ் தமிழாகவே உட்கார்ந்ததுதான் என்பேன்.

செட்டிங்ஸ் பக்கங்களைச் சொன்னேன். அவை ஒரு இடத்தில் நிற்பதில்லை. கண்ட்ரோல் பேனல் ஒரு பக்கம், செட்டிங்ஸ் மறுபக்கம் என்று பல ஆண்டுகளாக இரட்டைக் குடித்தனம். சக்கர நாற்காலி ஐகான் விஸ்டாவில் ‘ஈஸ் ஆஃப் ஆக்சஸ்’ ஆனது, 11-இல் ‘ஆக்சஸிபிலிட்டி’ என்று பழைய பெயருக்கே திரும்பியது. யூடியூபில் பார்த்து வழி கேட்டால், காட்டுகிற பட்டன் நம் திரையில் இருக்காது. அது போன வருஷத்து வீடியோவாக இருக்கும். இந்த இடமாற்றங்களிலெல்லாம் ஆடாமல் நிற்பது ஒரு குறுக்குவழி: விண்டோஸ் விசையும் யு-வும். விண்டோஸ் 2000-லிருந்து இன்றுவரை அதை அழுத்தினால் இந்த வசதிகளின் வாசல் திறக்கும். இதை மட்டும் மனப்பாடம் செய்யச் சொல்வேன்.

வசதிகள் கோளாறாக வந்து பயமுறுத்துவதும் நிற்கவில்லை. விண்டோஸ் விசையோடு கூட்டல் குறி பட்டால் திரை உப்பி, மவுஸ் போகிற பக்கமெல்லாம் ஓடும். விண்டோஸ் விசையும் எஸ்கேப்பும் சேர்ந்தால் அடங்கும். நரேட்டர் தவறி விழித்துக்கொண்டால் வீடே கேட்க ஆங்கிலத்தில் ஒப்பிக்கும். எழுப்பிய அதே மூன்று விசைகளால் அடக்கலாம். கலர் ஃபில்டரின் குறுக்குவிசை இயக்கத்தில் இருந்தால் ஒரு கைத்தவறலில் வண்ணமெல்லாம் போய்த் திரை கறுப்பு-வெள்ளையாகும், “மானிட்டர் போச்சு” என்று கடைக்குத் தூக்கிப் போவார்கள். ஃபார்மட் அடிப்பது மட்டும் குறைந்திருக்கிறது. அதற்குப் பதில் 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10-க்கான ஆதரவை முடித்துவிட்டார்கள். 11-ஐ ஏற்காத நல்ல கம்ப்யூட்டர்கள் வீடுகளில் அப்படியே நிற்கின்றன.

சுவர் போய்விட்டது என்று சொன்ன யுனிகோட் விஷயத்திலும் ஒரு வேடிக்கை நடக்கிறது. அலுவலகத்தில் சுற்றறிக்கையை அழகாக யுனிகோடில் அடிக்கிறார்கள். பிரின்ட் எடுக்கிறார்கள். கையெழுத்துப் போட்டு, சீல் குத்தி, ஸ்கேன் செய்து பி.டி.எஃப். ஆக்கி அனுப்புகிறார்கள். இப்போது அது வெறும் படம். திரைவாசிப்பான் அதைத் திறந்து, வாசிக்க ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு நிற்கும். படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் மென்பொருளில் போட்டால் பெரும்பாலும் வந்துவிடும், சீல் விழுந்த இடத்தைத் தவிர. கடைசித் தேதி அநேகமாக அந்தச் சீலுக்கு அடியில்தான் இருக்கும். அதே கோப்பின் யுனிகோட் மூலம் அந்த அலுவலகக் கம்ப்யூட்டரிலேயே கிடக்கிறது. கையெழுத்திட்ட படத்தோடு அதையும் சேர்த்து அனுப்பக் கூடுதலாக ஒரு கிளிக் போதும்.