லூபஸ் தொட்ட வால்வு

1924-இல் நியூயார்க் மவுண்ட் சினாய் மருத்துவமனையின் இமானுவேல் லிப்மனும் பெஞ்சமின் சாக்ஸும் நான்கு நோயாளிகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார்கள். இதய வால்வுகளில் மரு மாதிரி சின்னச் சின்னத் திரளைகள். ஆனால் கிருமி எதுவும் இல்லை. இது லூபஸின் வேலை என்பது பிற்பாடுதான் உறுதியானது. உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே வால்வின் மெல்லிய இதழைப் புண்ணாக்க, அதன்மேல் ஃபைப்ரினும் தட்டணுக்களும் படிகின்றன. பெரும்பாலும் மைட்ரல் வால்வில்தான்.

அன்று இவற்றைக் கண்ணால் காண பிரேதப் பரிசோதனையை விட்டால் வழியில்லை. ஸ்டெதாஸ்கோப்புக்குப் பல திரளைகள் சத்தமே காட்டாது.

1950-களில் ஸ்டீராய்டு வந்தது. ஐந்தாண்டு தாண்டுவதே பாதிப் பேருக்கு முடியாதிருந்த நோயில், இன்று நல்ல சிகிச்சை கிடைத்தால் பத்தில் ஒன்பது பேர் தாண்டுகிறார்கள். ஆனால் ஸ்டீராய்டால் ஆறிய புண் தழும்பாகும். இதழ் தடித்துச் சுருங்கி, முழுதாக மூடாமல், ரத்தம் பின்னால் கசியும். இதற்காக ஸ்டீராய்டின் மேல் பழி போட எனக்கு மனமில்லை. அது இல்லாமல் தழும்பு விழும் காலம்வரை பலர் இருந்தே இருக்கமாட்டார்கள்.

இன்று தொண்டை மரக்க மருந்தடித்து, இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்கவைத்து, இதயத்தை ஒலி அலைகளால் படம் பிடிக்கும் எக்கோ கருவி பொருத்திய, விரல் பருமனுள்ள குழாயை விழுங்கச் சொல்கிறார்கள். உணவுக்குழாய் இதயத்துக்குப் பின்னால் ஒட்டியே இறங்குவதால், மார்பின் மேல் வைத்து எடுக்கும் எக்கோவில் தப்பியதும் இதில் தெரிந்துவிடும். 1996-இல் நியூ மெக்ஸிகோ மருத்துவர்கள் 69 லூபஸ் நோயாளிகளை இப்படிப் பார்த்தபோது சுமார் 61 சதவீதம் பேருக்கு வால்வில் ஏதோ ஒரு கோளாறு இருந்தது. லூபஸ் அடங்கியிருக்கிறது என்பதால் வால்வும் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது என்பதும் அதில் தெரிந்தது. லூபஸ் தரும் மூட்டுவலி குறைந்ததும் எக்கோவைத் தள்ளிப்போடுபவர்களிடம் இதை வற்புறுத்திச் சொல்லத் தோன்றுகிறது. திரளையில் ஒரு துணுக்கு பெயர்ந்து மூளைக்குப் போனால் முப்பது வயதிலும் பக்கவாதம் வரும். ரத்தம் உறையத் தூண்டும் ஆன்டிபாஸ்போலிப்பிட் எதிர்ப்பொருளும் சேர்ந்திருந்தால் ஆபத்து இன்னும் கூடுதல். அந்த எதிர்ப்பொருள் உள்ளவர்களில் பலருக்கு ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை, உறையும் வேகத்தைப் பார்க்க அடிக்கடி ஐ.என்.ஆர். பரிசோதனை.

அன்று எழாத ஒரு கேள்வியும் இன்று எழுகிறது. லூபஸ் வருவோரில் பத்துக்கு ஒன்பது பேர் பெண்கள், அதிலும் பெரும்பாலும் பிள்ளை பெறும் வயதில். கெட்டுப்போன வால்வை மாற்ற வேண்டி வந்து உலோக வால்வு வைத்தால் ஆயுள் முழுக்க வார்ஃபரின். அது கருவைப் பாதிக்கக்கூடும். திசு வால்வு என்றால் நாளடைவில் தேய்ந்து மறுபடி அறுவை சிகிச்சை. இதய மருத்துவர், மூட்டுவாத மருத்துவர், மகப்பேறு மருத்துவர் மூவரும் அந்தப் பெண்ணையும் உட்காரவைத்துப் பேசித்தான் இதை முடிவு செய்யவேண்டும்.