மழை எழுதி வைத்த கணக்கு

சிரபுஞ்சி என்றதும் மழைதான் நம் நினைவுக்கு வரும். ஆனால் அந்த மழை பூமிக்கு அடியில் செய்துவரும் வேலையைப் பற்றி நம்மில் அநேகர் கேள்விப்பட்டிருக்க மாட்டோம்.

மேகாலயத்தில், சிரபுஞ்சிக்கு அருகே, மௌம்லு என்ற சுண்ணாம்புக்கல் குகை இருக்கிறது. இத்தகைய குகைகளின் கூரையிலிருந்து ஆலம் விழுதுகளைப்போல் கல் விழுதுகள் தொங்கும். தரையிலிருந்து புற்றுகளைப்போல் கல் முளைகள் எழும்.

இவை உண்டாகும் விதத்தை அறிய நம் அடுக்களைக்குப் போனாலே போதும். கிணற்று உப்புத் தண்ணீரைக் காய்ச்சும் பாத்திரத்தின் அடியில் வெள்ளைப் பொருக்கு படிகிறதல்லவா? அதில் பெரும்பகுதி சுண்ணாம்பேயாகும். நீரிலுள்ள கரியமில வாயுவை அடுப்பின் சூடு விரட்டுவதால் அது படிகிறது. குகையிலோ அடுப்பு வேண்டியதில்லை. மழைநீர் மண்ணில் இறங்கும்போது கரியமில வாயுவை ஏற்று லேசான புளிப்பை அடைந்து, சுண்ணாம்புக்கல்லைக் கரைத்துக்கொண்டு வருகிறது. கூரையில் துளியாகத் தொங்கியதும், மூடி திறந்த சோடாவிலிருந்து போவதுபோல் வாயு வெளியேறுகிறது. பிறகு சுண்ணாம்பைத் தாங்கும் சக்தி நீருக்கு ஏது? மெல்லிய வளையமாகக் கூரையில் விட்டுவிடுகிறது. வளையத்தோடு வளையம் சேர்ந்து குழலாக நீண்டு, நாளடைவில் விழுதாகப் பருக்கிறது. கீழே விழும் துளி, எஞ்சிய சுண்ணாம்பைத் தரையில் படியவைத்து முளையை வளர்க்கிறது. இரண்டும் கூடினால் தூண். ஓர் அங்குலம் வளர நூற்றுக்கணக்கான ஆண்டுகள் ஆவதும் உண்டு.

மௌம்லு குகையில் எடுத்த ஒரு முளையை விஞ்ஞானிகள் ஆராய்ந்தார்கள். யுரேனியம், தோரியம் ஆகியவற்றின் அளவைக்கொண்டு அடுக்குகளின் வயதையும், பிராணவாயுவின் கனத்த அணுக்களுக்கும் லேசான அணுக்களுக்கும் உள்ள விகிதத்தைக்கொண்டு அக்கால மழையின் போக்கையும் கணித்தார்கள். சுமார் 4,200 ஆண்டுகளுக்கு முன் பருவமழை நலிந்த அடையாளம் அதில் தெரிந்தது. 2018-ஆம் ஆண்டில் சர்வதேச பூகர்ப்ப விஞ்ஞானச் சங்கம் அதையே எல்லையாக ஏற்றது. அன்று முதல் இன்றுவரையுள்ள காலத்துக்கு ‘மேகாலய யுகம்’ என்ற பெயர் நிலைத்தது. உலகம் முழுவதும் வழங்கும் ஒரு காலப் பெயரைப் பாரத நாட்டுக் குகை ஒன்று தந்திருப்பது நமக்குப் பெருமையல்லவா?

பெருமையோடு பொறுப்பும் உண்டு. குகைகளைக் காணச் செல்லும் நம்மவரில் சிலர், அழகாயிருக்கிறதென்று விழுதின் நுனியை ஒடித்து வருகிறார்கள். கையின் எண்ணெய்ப் பசை பட்டாலே அவ்விடத்தில் சுண்ணாம்பு படிவது தடைப்படக்கூடும். ஒடித்த நுனியோடு பல நூற்றாண்டு மழையின் கணக்கும் போய்விடுகிறது; அதைத் திருப்பி எழுத நம் ஆயுள் போதாது. கண்ணால் பார்த்து மகிழப் பிள்ளைகளுக்குக் கற்பித்துவிட்டால், அவர்கள் கைக்கு அங்கே வேலை இராது.