ஆங்கில ஆசிரியப் பயிற்சி: காரைதீவிலிருந்து எங்கே போவது?

ஆங்கில ஆசிரியப் பயிற்சிக்காகக் காரைதீவை விட்டுப் போனவர்களில் இன்றும் ஊர் பெருமையோடு சொல்லும் பெயர் மயில்வாகனம். 1892இல் பிறந்து, கல்முனை மெதடிஸ்த பாடசாலையிலும் மட்டக்களப்பு புனித மைக்கல் கல்லூரியிலும் படித்த அவர், 1911இல் கொழும்பில் அரசினர் ஆசிரியப் பயிற்சிக் கலாசாலையில் சேர்ந்தார். இரண்டு ஆண்டுப் பயிற்சி முடிந்ததும், தாம் படித்த புனித மைக்கல் கல்லூரிக்கே ஆசிரியராகத் திரும்பினார். 1916இல் விஞ்ஞான டிப்ளோமா, 1920இல் இலண்டன் பீ.எஸ்ஸி. பட்டம், 1924இல் துறவு, 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியர் பதவி என்று அடுத்து வந்தவையெல்லாம் சுவாமி விபுலானந்தரின் வரலாறாக ஊருக்குத் தெரியும். அந்த வாழ்க்கையின் முதல் தொழிற்பயிற்சி ஆங்கில ஆசிரியப் பயிற்சிதான் என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

அன்று கிழக்குக் கரை இளைஞனுக்கு எங்கே போவது என்ற குழப்பம் பெரிதாக இருக்க இடமில்லை. பெரிய பயிற்சிக்குக் கொழும்புதான். பயிற்சியின் நோக்கமும் வேறாக இருந்தது. ஆங்கில ஆசிரியர் என்றால் கணிதம், விஞ்ஞானம், வரலாறு எல்லாவற்றையும் ஆங்கிலத்திலேயே கற்பிப்பவர் என்று பொருள். இன்று அந்தச் சொல்லுக்குப் பொருள் மாறிவிட்டது. மற்றப் பாடங்களையெல்லாம் தமிழில் படிக்கிற, வீட்டிலும் சந்தையிலும் கடற்கரையிலும் ஆங்கிலம் கேட்டுப் பழகாத பிள்ளைக்கு, வாரத்தில் சில பாடவேளைகளில் அந்த மொழியை இரண்டாம் மொழியாக ஊட்டுகிறவரே இன்றைய ஆங்கில ஆசிரியர். தானே நன்றாக ஆங்கிலம் பேசுவது அதற்கு வேண்டும், ஆனால் போதாது. நாற்பது பிள்ளைகளை ஒரே நேரத்தில் வாய் திறக்க வைக்கும் வித்தையைத் தனியாகப் பழக வேண்டும். ஆகவே பயிற்சி இடத்தைத் தெரிவு செய்யும்போது கட்டடம், பெயர், சான்றிதழின் தாள் இவற்றுக்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுண்டு. உண்மையான பிள்ளைகள் முன்னால் எத்தனை மணி நேரம் நிற்க விடுவார்கள்? நிற்கும்போது பின்வரிசையில் இருந்து பார்த்து, பிறகு கூப்பிட்டுப் பிழை சொல்ல யாராவது இருப்பார்களா?

இந்தக் கேள்விக்கு இலங்கையில் மிகத் தெளிவான பதில் வைத்திருப்பவை தேசிய கல்வியியற் கல்லூரிகள். 1986ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் இக்கல்லூரிகள் நாடு முழுவதும் 19 இருக்கின்றன. பயிற்சி மூன்று ஆண்டு. முதல் இரண்டு ஆண்டுகள் விடுதியில் தங்கிப் படிப்பு. மூன்றாம் ஆண்டு முழுவதும் ஒரு பாடசாலையில் உள்ளகப் பயிற்சி. அந்த ஓராண்டில் பயிலுநர் தவணைத் திட்டம் எழுதுகிறார், பரீட்சைத் தாள் திருத்துகிறார், பெற்றோர் கூட்டத்தில் நிற்கிறார், விளையாட்டுப் போட்டிக்குக் கொடி கட்டுகிறார். பாடம் கவிழ்ந்துபோகும் நாட்களும் வரும். மறுநாளும் அதே வகுப்புக்குப் போயே ஆக வேண்டும் என்பதில்தான் ஆசிரியர் உருவாகிறார். முடிவில் கிடைக்கும் தேசிய கற்பித்தல் டிப்ளோமா அரச ஆசிரிய நியமனத்துக்கு நேராக இட்டுச் செல்வதால், உயர்தரம் முடித்த பிள்ளையுள்ள வீடுகளில் முதலில் பேசப்படுவதும் இந்த வழிதான்.

காரைதீவுக்கு அருகே இரண்டு கல்லூரிகள் இருக்கின்றன. தெற்கே அட்டாளைச்சேனை, 1940களில் ஆசிரியப் பயிற்சிக் கலாசாலையாகத் தொடங்கி இப்பகுதி முஸ்லிம் ஊர்களுக்கு ஆசிரியர்களை உருவாக்கித் தந்த இடம். வடக்கே மட்டக்களப்பு நகருக்குச் சற்று முன்னால் தாழங்குடா. தூரத்தில், ஆங்கிலத்துக்கென்றே பெயர் பெற்றவை களுத்துறை மாவட்டத்தின் பஸ்துன்ரட்டையும் பேராதனையை அடுத்த பெனிதெனியவும். எந்த ஆண்டில் எந்தக் கல்லூரியில் ஆங்கிலப் பாடநெறிக்கு ஆள் எடுக்கிறார்கள், சாதாரண தரத்திலும் உயர்தரத்திலும் ஆங்கிலத்துக்கு என்ன பெறுபேறு கேட்கிறார்கள் என்பது வர்த்தமானி அறிவித்தலில்தான் வரும்; ஆண்டுக்கு ஆண்டு அது மாறும். போன வருடம் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கிடைத்ததை நம்பி விண்ணப்பப் படிவம் நிரப்பக் கூடாது.

பக்கமா தூரமா என்பது வீடுகளில் நீண்ட நேரம் பேசப்படும் விடயம், பெண்பிள்ளை என்றால் இன்னும் நீளும். பக்கத்தில் என்றால் வார இறுதியில் வீட்டுக்கு வரலாம், சாப்பாட்டுக் கவலை இல்லை, உம்மாவுக்கோ அம்மாவுக்கோ நிம்மதி. இவையெல்லாம் நியாயமான காரணங்கள். எதிர்ப்பக்கத்தில் ஒரு காரணம் உண்டு; அது அவ்வளவாக நிறுத்துப் பார்க்கப்படுவதில்லை. விடுதியில் எல்லோரும் தமிழ் பேசுகிறவர்கள் என்றால் விரிவுரை முடிந்த நிமிடமே ஆங்கிலமும் முடிந்துவிடும். சிங்களம் மட்டும் தெரிந்தவரும் தமிழ் மட்டும் தெரிந்தவரும் ஒரே அறையில் படுக்கும் விடுதியிலோ, கிணற்றடி வாளியை இரவல் கேட்பதற்கும் ஆங்கிலம் வேண்டும். 1987இன் 13ஆம் திருத்தம் ஆங்கிலத்தை இணைப்பு மொழி என்று அரசியலமைப்பில் எழுதியது. அந்தச் சொல் உண்மையாவது இப்படிப்பட்ட விடுதிகளில்தான். ஆங்கிலத்தில் பேசத் தயங்குகிற பிள்ளைக்கு இரண்டு ஆண்டுத் தூரவாசம் எந்தப் பாடநூலும் தராததைத் தரக்கூடும். ஏற்கெனவே தாராளமாகப் பேசுகிற பிள்ளைக்குத் தூரம் அவ்வளவு அவசியமில்லை. பக்கத்துக் கல்லூரியே நல்லது. ஏனென்றால் தான் பின்னால் கற்பிக்கப் போகும் பிள்ளைகளையே பயிற்சியிலும் சந்திக்கலாம்.

இந்தக் கரைப் பிள்ளைகளைத் தெரிந்து வைத்திருப்பது சின்ன விடயமல்ல. தமிழ் எழுத்தில் ‘ப’ ஒன்றுதான். ஆங்கிலத்தில் அது வல்லொலியாகவும் மெல்லொலியாகவும் இரண்டாகப் பிரிந்து பொருளையே மாற்றிவிடும். சொல் முதலில் ‘ஸ்’ வேறொரு மெய்யோடு சேர்ந்து வந்தால் தமிழ் நாக்கு முன்னால் ஒரு ‘இ’யைச் சேர்த்து ‘இஸ்கூல்’ என்னும். வினைச்சொல் வாக்கியத்தின் கடைசிக்கு ஓடும். பெயருக்கு முன்னால் ஆங்கிலம் வைக்கும் சுட்டுச் சொற்களுக்குத் தமிழில் நேரான இடமே இல்லை. கொழும்பில் அச்சடித்த பொதுவான பயிற்சிக் கையேட்டில் இவை ஒரு பக்கத்தில் முடிந்துபோகும். ஆனால் சாய்ந்தமருதிலும் நிந்தவூரிலும் உள்ள வகுப்பறையில் இன்னொன்றும் உண்டு. குர்ஆன் மத்ரஸாவில் தஜ்வீத் என்னும் ஓதல் ஒலிமுறை படித்த பிள்ளை, மேற்பல்லைக் கீழுதட்டில் வைத்து ஊதும் ‘ஃப’வையும், நாக்கு நுனியைப் பல் விளிம்பில் வைத்து ஒலிக்கும் எழுத்துகளையும், தொண்டை அதிரும் ‘ஸ’வையும் சிறு வயதிலேயே மக்ரஜ், அதாவது ஒலி பிறக்கும் இடம், பார்த்துப் பழகியிருக்கிறது. ஆங்கிலத்தில் தமிழ்ப் பிள்ளைக்குக் கடினமானவை என்று கையேடுகள் சொல்லும் ஒலிகளில் பாதி அதன் வாயில் ஏற்கெனவே இருக்கின்றன. அதை எடுத்து ஆங்கிலத்தில் வைத்துக் காட்ட ஓர் ஆசிரியர்தான் தேவை. காரைதீவுக் கோயிலடிப் பிள்ளைக்கு அதே ஒலிகளை முதலிலிருந்து பழக்க வேண்டும். இந்த ஊர்களுக்கு நடுவே ஒரு வெளிதான். ஆயினும் ஒரே பாடத்தை இரண்டு விதமாகத் தொடங்க வேண்டியிருக்கிறது. மொழி ஒப்பீட்டை ஒழுங்காகக் கற்பிக்கிற, பயிலுநரின் தாய்மொழியைத் தடையாகக் கருதாமல் கருவியாக எடுத்துக்கொள்கிற கல்லூரியே நல்ல கல்லூரி.

உயர்தரத்தில் நல்ல இசட் புள்ளி கிடைத்தவருக்குப் பல்கலைக்கழகம் திறந்திருக்கிறது. 1995இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி அடுத்த ஆண்டே முழுப் பல்கலைக்கழகமான ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் காரைதீவிலிருந்து அரை மணி நேரப் பஸ் பயணம். வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகம். இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். பல்கலைக்கழகங்களில் ஆங்கில மொழி கற்பித்தல் என்ற பெயரில் இயங்கும் துறைகளின் முதல் வேலை எல்லாப் பீட மாணவர்களுக்கும் ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பது. பெயரைப் பார்த்து அதுவே ஆசிரியப் பயிற்சி என்று எண்ணிவிடக் கூடாது. ஆங்கில இலக்கியத்தில் பட்டம் பெறுவதும் வகுப்பு நடத்தக் கற்றுக்கொள்வதும் வெவ்வேறு. பட்டதாரி பிறகு பட்டப்பின் கல்வி டிப்ளோமா செய்துதான் தொழிற்பயிற்சியை நிறைவாக்கிக்கொள்கிறார்.

வேலை செய்துகொண்டே படிக்க வேண்டியவர்களுக்கு 1980இல் நிறுவப்பட்ட திறந்த பல்கலைக்கழகம் பெரிய ஆறுதல். ஆங்கிலமும் ஆங்கிலம் கற்பித்தலும் சேர்ந்த கலைப்பட்டம் அங்கே இருக்கிறது. மட்டக்களப்பில் பிராந்திய நிலையமும் உண்டு. பிள்ளை பெற்ற பிறகு படிப்பைத் தொடர நினைக்கும் பெண்களுக்கு இதைவிட ஏற்ற வழி குறைவு. ஆனால் தொலைக்கல்வியில் கற்பித்தல் பயிற்சிக்கான இடத்தை மாணவரே தேடிக்கொள்ள வேண்டி வரலாம். ஊர்ப் பாடசாலை அதிபரிடம் முன்கூட்டியே பேசி, ஆறாம் தரத்திலோ ஏழாம் தரத்திலோ ஒரு வகுப்பைக் கேட்டு வாங்கிக்கொள்வது புத்திசாலித்தனம்.

இன்னொரு வழி உயர் தொழில்நுட்பக் கல்வி நிறுவனத்தின் ஆங்கில உயர் தேசிய டிப்ளோமா. சம்மாந்துறையிலும் மட்டக்களப்பிலும் அந்த நிறுவனத்துக்குக் கிளைகள் இருக்கின்றன. இந்த டிப்ளோமா முடித்தவர்கள் ஆங்கில ஆசிரியர்களாக நியமிக்கப்பட்டதுண்டு. எனினும் அந்த நியமனங்கள் அரசு அவ்வப்போது எடுக்கும் முடிவைப் பொறுத்தவை. கல்வியியற் கல்லூரியைப் போல உறுதியானவை அல்ல. மொழித்திறனுக்கு இது நல்ல அடித்தளம். இதையே முழு ஆசிரியப் பயிற்சி என்று எடுத்துக்கொண்டால் வகுப்பறையில் முதல் மாதமே திணற வேண்டியிருக்கும்.

கல்முனைக் கடைத்தெருவில் ஒட்டப்பட்டிருக்கும் சுவரொட்டிகளைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். சனி, ஞாயிறு வகுப்பு, ஆறு மாதம், சர்வதேச அங்கீகாரம், இரண்டாம் மொழி ஆங்கிலக் கற்பித்தலில் டிப்ளோமா. சில நிலையங்கள் மனதார உழைக்கின்றன. ஆனால் சர்வதேச அங்கீகாரம் என்ற இரண்டு சொல்லுக்குப் பின்னால் யார் என்று கேட்காமல் பணம் கட்டுவது ஆபத்து. நிறுவனம் 1990ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டப்படி அமைந்த மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவு பெற்றதா? சான்றிதழ் இலங்கைத் தகைமைச் சட்டகத்தில் எந்த மட்டத்தில் நிற்கிறது? கற்பித்தல் பயிற்சி உண்மையான மாணவரோடா, பக்கத்துக் கதிரையில் இருக்கும் சக பயிலுநரோடா? இந்த மூன்றுக்கும் நேரான பதில் வராத இடத்தில் நகை அடகு வைத்துச் சேர வேண்டாம். இப்படிப் பணத்தையும் ஒரு வருடத்தையும் இழந்து நிற்கும் பிள்ளைகளைப் பார்க்கையில் வயிறு எரிகிறது.

வளைகுடாவில் ஆங்கிலம் கற்பிக்கும் எண்ணமுள்ளவர்கள் இந்தக் கரையில் ஏராளம். அவர்கள் கேள்விப்படும் பெயர் செல்டா. 1962இல் இலண்டனில் ஜோன் ஹேக்ராஃப்ட் தொடங்கிய குறுகிய காலப் பயிற்சியிலிருந்து வளர்ந்து, இன்று கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் சான்றிதழாக நிற்பது அது. குறைந்தது 120 மணி நேரம். அதில் 6 மணி நேரம் உண்மையான மாணவர் முன்னால், பயிற்றுநர் பார்த்து மதிப்பிடக் கற்பிக்க வேண்டும். அனுபவமுள்ள ஆசிரியர்களின் பாடத்தை இன்னும் 6 மணி நேரம் உட்கார்ந்து பார்க்க வேண்டும். முழுநேரமென்றால் வழக்கமாக நான்கு வாரம். இலண்டன் ட்ரினிட்டி கல்லூரியின் டெசோல் சான்றிதழும் இதே தரம். இணையவழியிலும் செல்டா படிக்கலாம் என்பதால் கொழும்புக்குப் போய்த் தங்கும் செலவு குறைந்திருக்கிறது. கட்டணம் மட்டும் இன்னும் சாதாரணக் குடும்பத்துக்குப் பெருந்தொகைதான். வெளிநாட்டுப் பாடசாலைகள் பெரும்பாலும் இதோடு ஒரு பட்டத்தையும் கேட்கும் என்பதால், பட்டம் இல்லாமல் முதலில் செல்டாவுக்குப் பணம் செலவழிப்பது வரிசை மாறிய வேலை. செல்டா வளர்ந்தவர்களுக்குக் கற்பிப்பதற்கென்றே உருவானது. நாற்பது பிள்ளைகள் உள்ள ஆறாம் தரத்துக்கு அதன் முறைகளை அப்படியே எடுத்துப்போக முடியாது. இலங்கையில் அரச நியமனத்துக்கு அது மட்டும் போதவும் போதாது.

கடல் தாண்டிப் படிக்க நினைப்பவருக்கு மேற்கு நாடுகளைவிட ஹைதராபாத் பக்கம். 1958இல் மத்திய ஆங்கில நிறுவனமாகத் தொடங்கி 2007இல் ஆங்கில மற்றும் அந்நிய மொழிகள் பல்கலைக்கழகமான அந்த இடம், இரண்டாம் மொழியாக ஆங்கிலம் கற்பிப்பதையே தன் வாழ்நாள் ஆய்வாகக் கொண்டது. தெலுங்கு, தமிழ், உருது பேசும் பிள்ளைகளை மனதில் வைத்து யோசித்த கல்வி அங்கே கிடைக்கும். இலங்கை அரசு 2009ஐ ஆங்கிலத்துக்கும் தகவல் தொழில்நுட்பத்துக்குமான ஆண்டாக அறிவித்தபோது, முதன்மைப் பயிற்றுநர்களை அனுப்பியதும் ஹைதராபாத்துக்குத்தான். இந்திய அரசின் தொழில்நுட்பப் பொருளாதார ஒத்துழைப்புத் திட்டத்தின் கீழ் அங்கே குறுகிய காலப் பயிற்சிகள் நடக்கும்; பணியிலுள்ள ஆசிரியர்கள் விண்ணப்ப விவரங்களைக் கொழும்பு இந்திய உயர்ஸ்தானிகராலயத்தில் விசாரிக்கலாம்.

ஏற்கெனவே வகுப்பில் நிற்கும் பயிற்சி பெறாத ஆசிரியர்களுக்கு வழி வேறு. அவர்களுக்கென இரண்டு ஆண்டு ஆசிரியர் கலாசாலைகள் இருக்கின்றன. பட்டதாரிகள் பட்டப்பின் டிப்ளோமாவைப் பகுதிநேரமாகச் செய்யலாம். கல்முனை வலயக் கல்வி அலுவலகத்தின் ஆங்கில ஆசிரிய ஆலோசகர்கள் இதில் நல்ல வழிகாட்டிகள். பாடசாலைகளுக்குப் போய் வகுப்பின் பின்வரிசையில் உட்கார்ந்து பாடம் பார்ப்பது அவர்களுடைய அன்றாட வேலை. எந்தக் கல்லூரியிலிருந்து வரும் பயிலுநர் முதல் தவணையிலேயே வகுப்பைப் பிடித்துக்கொள்கிறார் என்பதைக் கண்ணால் பார்த்து அறிந்தவர்களும் அவர்கள்தான். ஆகவே கல்வியியற் கல்லூரிக்கு விண்ணப்பிப்பவர், முடிவுத் திகதிக்கு முன்னர் அவர்களில் ஒருவரையும், தான் சேர நினைக்கும் கல்லூரியில் இப்போது மூன்றாம் ஆண்டு உள்ளகப் பயிற்சியில் இருக்கும் ஒருவரையும் நேரில் கண்டு பேசிவிட்டுப் படிவத்தில் கல்லூரிகளின் வரிசையை எழுதலாம்.