ஆறு மணிக் குருவி போகும் காலம்

மாசி மாதத்து விடியற்காலையில் உடையார்கட்டுக் குளத்தின் மேல் பனி படர்ந்திருக்கும். கீழே வயல்களில் காலபோக அறுவடை முடிந்து வைக்கோல் மணம் வீதி வரை வரும். அந்த வேளையில் எங்கள் வளவின் பின்புறப் பற்றைக்குள்ளிருந்து, இரண்டு சுரத்தில் ஒரு சீழ்க்கை ஒலி எழும். மணிக்கூட்டைப் பார்த்தால் ஆறு மணி அளவில் இருக்கும். மாலையிலும் அதே நேரத்தில் கேட்கும். அதனால்தான் அதற்கு ஆறுமணிக்குருவி என்று பெயர். பச்சை முதுகு, மங்கிய மஞ்சள் மார்பு, கண்ணின் ஊடாகக் கரிய பட்டை, வாலடியில் சிவப்பு, சிறகில் ஒரு துளி நீலம். இத்தனை அழகையும் வைத்துக்கொண்டு நிலத்தில் சருகு கிளறிப் புழு தேடித் தின்னும் எளிய குருவி அது.

சென்ற ஞாயிறு ரொறன்ரோவிலிருந்து பெறாமகள் தொலைபேசியில் பேசினாள். "சித்தப்பா, இங்க ஹை பார்க் குளத்தடிச் சம்புக்குள்ள சிவப்புத் தோள் கறுப்புக்குருவி வந்திட்டுது. இனி இங்க வசந்தம்தான். உங்கட குளத்தில இருந்து வந்ததோ?" என்று கேட்டாள்.

"இல்லைப் பிள்ளை, அது வேற பாதை" என்றேன். அந்தப் பாதைகளைப் பற்றித்தான் நேயர்களே, இன்று பேச நினைத்தேன்.

அவள் கண்ட குருவி அமெரிக்காவின் தென்பகுதிகளில் குளிர்காலத்தைக் கழித்து, பனி உருகத் தொடங்கும்போது வடக்கே திரும்புவது. முதலில் வருபவை ஆண் பறவைகள். சம்பில் இடம் பிடித்து, சிவந்த தோளை விரித்துக் காட்டிப் பாடும். பெண் பறவைகள் சில கிழமைகள் பிந்தித்தான் வரும். பெருநகரத்துப் பூங்காவில் உலாவுகிறவர்கள் அந்த முதற் குரலைக் கேட்டே வசந்தம் வந்துவிட்டது என்பார்கள்.

அங்கே வருகைக் காலம், இங்கே விடைபெறும் காலம். சைபீரியாவிலிருந்து இந்து சமுத்திரம் வரை நீளும் வான்பாதையின் தெற்கு முனையில் இலங்கை இருக்கிறது. நம் வயற்சேற்றில் மேயும் உள்ளான்களிற் பல வடக்கே குளிர்நாடுகளில் முட்டையிடுபவை. மன்னாரில் 2021ஆம் ஆண்டு கருவி பொருத்தி விடப்பட்ட ஒரு கடற்காகம் ரஷ்யாவின் யமால் குடாநாடு வரை போய், மீண்டும் மன்னாருக்கே வந்தது. ஆறுமணிக்குருவி அவ்வளவு தூரம் போவதில்லை. மத்திய இந்தியக் காடுகளிலும் இமயத்தின் அடிவாரத்திலும் மழைக்காலத்தில் அது கூடு கட்டும். பங்குனி, சித்திரையில் இங்கிருந்து புறப்பட்டுவிடும்.

புறப்படும் நாளை அதற்கு யார் சொல்வது? கனடாவின் அல்பேட்டா பல்கலைக்கழகத்தில் வில்லியம் ரோவன் என்ற அறிஞர் 1920களில் ஒரு பரிசோதனை செய்தார். கடுங்குளிரில் கூண்டுப் பறவைகளுக்கு மின்விளக்கால் பகலை நீட்டிக்கொண்டே போனார். வெளியே உறைபனி, பறவைகளின் உடலிலோ வசந்தத்து மாற்றங்கள்! பகல் நீள்வதே அவற்றுக்கு அறிகுறி என்பது தெரிந்தது. ஆனால் நம் வன்னியில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் ஒரு மணி நேரம்தான் வித்தியாசம். ரொறன்ரோவில் ஆறு மணி நேரத்துக்கும் அதிகம். பிறகு 1960களில் ஜேர்மனியில் எபர்ஹார்ட் க்வின்னர், பகலும் இரவும் மாறாத அறைகளில் சிறு குருவிகளை வைத்துப் பார்த்தார். அங்கும் பயணக் காலம் வந்ததும் அவை இரவில் அமைதியிழந்து சிறகடித்தன. பறவையின் உள்ளேயே ஓர் ஆண்டுக் கடிகாரம் ஓடுகிறது. அது சொன்னதும் பறவை நிறையத் தின்று கொழுப்பைச் சேர்க்கும். சில சிறு பறவைகளின் நிறை ஏறக்குறைய இரு மடங்காகிவிடும். சூரியனும் நட்சத்திரங்களும் பூமியின் காந்தமும் வழி காட்டும்.

இவற்றை இடம்பெயரும் பறவைகள் என்று எழுதுகிறோம். எனக்கு அந்தச் சொல்லில் ஒரு தயக்கம் உண்டு. 2009 தை மாதத்தில் நாங்களும் இடம்பெயர்ந்தோம். பாதுகாப்பு வலயம் என்று அறிவிக்கப்பட்ட பகுதிக்குள்தான் எங்கள் ஊரும் இருந்தது. அதற்குள்ளும் எறிகணைகள் விழுந்தன. கிழக்கே மாத்தளன் பக்கம் நடந்தோம். கொழுப்புச் சேர்க்க நாளில்லை, வழிகாட்ட நட்சத்திரமில்லை, திரும்பும் மாதம் எதுவென்று சொல்ல உள்ளே எந்தக் கடிகாரமும் இல்லை. அந்த ஆண்டு குருவி எப்போது போனதென்று கேட்டறிய ஊரில் எவருமில்லை. பறவையின் போக்குக்கு வலசை என்பதே பொருந்தும். போவதும் மீள்வதும் சேர்ந்தது வலசை.

நாங்கள் திரும்பி வந்தபோது வீடு இருந்த இடத்தில் பற்றைதான் வளர்ந்திருந்தது. அந்த ஐப்பசியில், வெட்டாமல் விட்ட ஒரு மூலையிலிருந்து சீழ்க்கை கேட்டது. முன்பு வந்த அதே குருவியா என்று தெரியாது. ஆனாலும் மனைவி தேநீர்க் கோப்பையோடு அப்படியே நின்றுவிட்டாள்.

ஆண்டில் பாதிக்கு மேல் இங்கே வாழும் பறவையை விருந்தாளி என்று எப்படிச் சொல்வது? இதுவும் அதற்கு வீடுதான். வளவு துப்புரவாக இருக்கவேண்டுமென்று சருகையெல்லாம் கூட்டிக் கொளுத்திவிட்டால், பற்றையை அடியோடு வெட்டிவிட்டால், ஐப்பசியில் வரும் குருவி எங்கே இறங்கும்?

நேயர்களே, பின்வளவில் ஒரு மூலையையாவது அதற்கு விட்டுவையுங்கள். இந்தப் பங்குனியில் கடைசியாக அதன் குரலைக் கேட்கும் நாளை நாட்காட்டியில் குறியுங்கள். ஐப்பசியில் முதலில் கேட்கும் நாளையும் குறியுங்கள். நான் இரண்டையும் பெறாமகளுக்குச் சொல்வதாக வாக்குக் கொடுத்திருக்கிறேன். அவள் தன் கறுப்புக்குருவி வந்த நாளை ஏற்கெனவே எழுதி வைத்துவிட்டாளாம்.