உறைவிடப் பள்ளியும் உதவும் கைகளும்

தருமம் செய்வதில் நம்மவர் பின்தங்கியவர் அல்லர். பிழைப்பின் பொருட்டுப் பெங்களூருக்குக் குடிவந்த தமிழ்க் குடும்பங்களைப் பற்றியும் இதனைத் துணிந்து கூறலாம். சொந்த ஊர்க் கோயிலுக்குக் குடமுழுக்கு என்று ஓர் அழைப்பிதழ் வந்துவிட்டால், மாத வாடகைக்கே தடுமாறும் குடும்பமும் தன்னால் இயன்றதை அனுப்பத் தவறுவதில்லை. பள்ளிக்கூடத்தில் ஓர் அறை கட்ட வேண்டும் என்றாலும் கொடுப்பார் உளர். அறையின் முகப்பில் பாட்டனார் பெயர் பொறித்த சலவைக்கல் ஒன்று பதிக்கப்படும். ஆனால் அதே பள்ளியின் சமையற்காரருக்குச் சம்பளம் கொடுக்கவோ, காய்ச்சலில் கிடக்கும் பிள்ளைக்கு மருந்து வாங்கவோ, ஆடி மாதத்து அரிசிக்கோ பணம் வேண்டும் என்று கேட்டுப் பாருங்கள். அரிசிக்கும் மருந்துக்கும் கல்வெட்டு வைப்பதெங்ஙனம்? ஆகவே கைகள் தயங்குகின்றன.

பகற்பள்ளிக்கு இத்தயக்கத்தால் பெருந்தீங்கு நேர்வதில்லை. மாலை மணி அடித்ததும் பிள்ளை வீடு திரும்புகிறது. சோறும் எண்ணெயும் தாயின் பொறுப்பு. உறைவிடப் பள்ளியின் கணக்கோ முற்றும் வேறானது. காலைப் பல்துலக்கும் பொடி முதல் இரவுக் காவற்காரர் வரை அனைத்தும் பள்ளியின் தலையில் விழும். 1865-இல் தோன்றிய பிஷப் காட்டன் பள்ளியைப் போன்ற உறைவிடப் பள்ளிகள் பெங்களூருக்குப் புதியன அல்ல. எனினும் அத்தகைய பள்ளிகளின் செலவைப் பெற்றோர் கட்டணமாகச் செலுத்திவிடுகின்றனர். கட்டணம் செலுத்த இயலாத ஏழைப் பிள்ளைகளுக்கென்றே ஓர் உறைவிடப் பள்ளி நடத்துவதென்றால், அச்செலவை யார் ஏற்பது?

இவ்வினாவுக்கு விடை காண நாம் நெடுந்தூரம் செல்ல வேண்டியதில்லை. நம் நகரிலிருந்து எல்லை தாண்டியதும் வருவது ஒசூர். அதனை அடுத்த பாலிகானப்பள்ளியில் 1997-ஆம் ஆண்டு 'சாந்தி பவன்' என்னும் உறைவிடப் பள்ளி தொடங்கப்பெற்றது. நிறுவியவர் ஆபிரகாம் ஜார்ஜ். திருவனந்தபுரத்தில் பிறந்து, இந்திய இராணுவத்தில் அதிகாரியாக இருந்து, பின்னர் அமெரிக்கா சென்று கணினித் தொழிலில் பெரும்பொருள் ஈட்டியவர் அவர். ஈட்டிய பொருளுடன் தாயகம் திரும்பித் தம் பெயரால் அமைத்த அறநிறுவனத்தின் வாயிலாகப் பல பணிகளை மேற்கொண்டார். அவற்றுள் தலையாயது இப்பள்ளி.

இங்கு ஆண்டுதோறும் 24 குழந்தைகளே சேர்க்கப்படுகின்றனர். பாதி பெண், பாதி ஆண். மிக்க வறுமையுற்ற, சமூகத்தின் கடைநிலையில் ஒதுக்கப்பட்ட குடும்பங்களிலிருந்து, நான்கு வயதை ஒட்டிய பருவத்தில் எடுக்கின்றனர். ஒரு குடும்பத்திலிருந்து ஒரு பிள்ளைக்கு மட்டுமே இடம். பன்னிரண்டாம் வகுப்பு வரை உண்டி, உடை, உறையுள், கல்வி, மருத்துவம் யாவும் இலவசம். அதன் பின்னர்க் கல்லூரிச் செலவையும் பள்ளியே ஏற்கின்றது.

நான்கு வயதுக் குழந்தையை விட்டுப் பிரியும் தாயின் கொடையை எந்தப் பற்றுச்சீட்டில் குறிப்பது? வீட்டிலுள்ள மற்றப் பிள்ளைகள் கூலி வேலைக்குச் செல்ல, ஒரே ஒரு பிள்ளை ஆங்கிலம் கற்று விடுமுறைக்கு வருகிறது. அப்பிள்ளை பின்னாளில் வீட்டாரைத் தூக்கி நிறுத்தும் என்னும் நம்பிக்கையே அத்தாய்க்குக் கிடைக்கும் ஈடு. இப்பள்ளியின் மாணவியர் சிலரது வாழ்வை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து படமாக்கிய ஆவணத் தொடர் ஒன்று 2017-இல் வெளிவந்தது; இசை நம் ஏ. ஆர். ரகுமான். அதனைக் கண்ட அன்பர்கள் விடுமுறையில் வீடு திரும்பும் சிறுமியரின் முகத்தை மறந்திருக்கமாட்டார்கள்.

பள்ளியின் சோதனைக்காலம் 2008-இல் வந்தது. அதுவரை செலவின் பெரும்பகுதி ஜார்ஜ் அவர்களின் சொந்தச் செல்வத்திலிருந்தே வந்துகொண்டிருந்தது. அவ்வாண்டு அமெரிக்காவில் வங்கிகள் சரிந்தன. உலகெங்கும் முதலீடுகள் மதிப்பிழந்தன. நிறுவனரின் செல்வமும் அவ்வெள்ளத்தில் பெரிதும் கரைந்தது. நியூயார்க்கில் ஒரு வங்கி மூழ்கியதற்கும் ஒசூர் அருகே ஒரு குழந்தையின் இரவுச் சோற்றுக்கும் தொடர்பு உண்டென்று அதற்கு முன் யார் எண்ணியிருப்பார்!

நேயர்கள் ஈண்டு ஒன்றைக் கருத வேண்டும். 1997-இல் நான்கு வயதினராய்ச் சேர்ந்த முதல் அணியினர் 2008-இல் இன்னும் பள்ளிப் படிப்பை முடிக்கவில்லை. ஒரு மண்டபத்தைப் பாதியில் நிறுத்தினால் மறு ஆண்டு தொடரலாம்; செங்கல் காத்திருக்கும். பதினைந்து வயதுப் பெண்ணைப் பாதியில் வீட்டுக்கு அனுப்பினால், மறு ஆண்டு அவள் மணமாகிச் சென்றிருக்கக் கூடும். வாக்களித்துக் குழந்தையை வாங்கிய பள்ளி அவ்வாக்கைப் பதினான்கு ஆண்டுகள் காக்கக் கடமைப்பட்டது. ஒரு செல்வரையே நம்பியிருந்த பள்ளி, அதன்பின் பலரிடம் கையேந்த வேண்டியதாயிற்று. கையேந்திற்று, பிழைத்தது. முதல் அணியினர் படித்து முடித்தனர். அப்பள்ளியிற் பயின்றோர் பலர் பின்னர்ப் பெங்களூரிலுள்ள பன்னாட்டு நிறுவனங்களில் வேலைக்கு அமர்ந்தனர்.

தனி ஒருவர் செல்வத்தில் தோன்றிய கல்வித் தருமம் நிலைபெறுவதற்கு நம் முன்னோர் கண்ட வழி வேறு. அதனை அறிய நம் பாளையப் பகுதிக்கே செல்லலாம். ஆர்க்காடு நாராயணசாமி முதலியார் 1827-இல் பிறந்து, எளிய நிலையில் வாழ்வைத் தொடங்கிப் பெங்களூரில் வணிகராயும் கட்டட ஒப்பந்தக்காரராயும் உயர்ந்த தமிழர். இன்று கர்நாடக உயர்நீதிமன்றம் இயங்கும் அட்டாரா கச்சேரி அவர் மேற்பார்வையில் எழுந்ததே. அவர் 1873-இல் தொடங்கிய இலவசப் பள்ளி உறைவிடப் பள்ளி அன்று. ஆயினும் அதனைத் தம் ஆயுளோடு முடியும் வள்ளன்மையாக விட்டுச் செல்லாமல், சொத்து எழுதி வைத்து அறக்கட்டளையாக்கினார். கொடுத்தவர் 1910-இல் மறைந்தார். அவர் பெயரால் கல்வி நிலையங்கள் இன்றும் நடைபெறுகின்றன. நிலத்திலும் கட்டடத்திலும் ஊன்றிய தருமத்துக்கு ஆயுள் அதிகம். வழக்குகளும் அதிகம் என்பதை நீதிமன்ற வாயில் அறிந்தோர் சொல்வர்.

சொத்து இல்லாதோர் என்ன செய்வது? அதற்கும் சான்று உண்டு. சென்னை மயிலாப்பூரில் இராமகிருஷ்ணா மிஷன் மாணவர் இல்லம் 1905-இல் ஏழே சிறுவருடன் தொடங்கப்பெற்றது. சுவாமி இராமகிருஷ்ணானந்தரின் ஆசியுடன் அதனை நிறுவிய இராமசாமி ஐயங்கார் செல்வர் அல்லர். வீடு வீடாகச் சென்று யாசித்தவர். அவருடைய உறவினர் இராமானுஜாசாரியார், தலைமைச் செயலக ஊழியர்களின் நாடகக் குழுவைக் கொண்டு நாடகங்கள் நடத்தி நிதி திரட்டினார். பகலில் கோப்புப் பார்த்து, இரவில் அரிதாரம் பூசிய குமாஸ்தாக்கள் பிறர் பிள்ளைகளுக்குச் சோறு போட்டார்கள் என்பதை, குமாஸ்தா உத்தியோகம் பார்ப்பவன் என்ற முறையில் நான் சற்றுப் பெருமையுடனேயே எழுதுகிறேன். 1921-இல் இல்லத்துக்குச் சொந்தக் கட்டடம் திறக்கப்பட்டது. நூறு ஆண்டுகளைக் கடந்தும் அவ்வில்லம் ஏழை மாணாக்கரை வைத்துக் காத்து வருகிறது.

இக்காலத்தில் நிறுவனங்களின் கொடையும் வெளிநாட்டார் கொடையும் மிகுதி. 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தின்படி, ஆண்டுக்கு 5 கோடி ரூபாயோ அதற்கு மேலோ நிகர இலாபம் காணும் கம்பெனிகள், தம் சராசரி இலாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிகளுக்குச் செலவிட வேண்டும்; கல்வியும் அவற்றுள் ஒன்று. ஆயினும் கம்பெனிகள் பெரும்பாலும் ஓராண்டு, ஈராண்டுத் திட்டங்களையே விரும்புகின்றன. கணினிகள் கிடைக்கும், சோறூட்டும் ஆயாவின் ஊதியம் கிடைப்பது அரிது. வெளிநாட்டுக் கொடைக்கு 2020-இல் விதிகள் இறுகின. பணம் முதற்கண் டில்லியிலுள்ள பாரத ஸ்டேட் வங்கிக் கிளை ஒன்றிலேயே வந்து சேர வேண்டும். நிர்வாகச் செலவுக்கு 50 சதவீதம் வரை இருந்த அனுமதி 20 ஆகக் குறைந்தது. கணக்கில் ஒழுங்கு வேண்டும் என்பதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் கடல் கடந்த கொடையையே முழுதும் நம்பிய பள்ளி, ஒரு சட்டத் திருத்தத்தில் தடுமாறிவிடும்.

ஆகவே மாதந்தோறும் தவறாது வரும் சிறு தொகைகளையே உறைவிடப் பள்ளிக்கு உற்ற துணையாக நான் கருதுகிறேன். ஆயிரம் குடும்பங்கள் மாதம் 200 ரூபாய் கொடுப்பின் ஆண்டுக்கு 24 இலட்சம். ஒரு குடும்பம் நின்றுபோனாலும் அடுப்பு அணையாது. நம் பெண்டிர் உலை வைக்கும்போது பிடியரிசி எடுத்து வைத்த வழக்கத்தில் இருந்த கணக்கும் இதுவே.

'ஆண்டுக்கு 24 பிள்ளைகளுக்காக இத்துணைச் செலவா? அதே பணத்தில் நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்குப் புத்தகம் வாங்கலாமே' என்பாரும் உளர். நியாயமான கேள்வியே. புத்தகம் வேண்டாம் என்பார் யார்? ஆனால் குடித்துவிட்டு வரும் தகப்பனும், விளக்கில்லாத குடிசையும், பசியும் உள்ள இடத்தில் புத்தகம் மட்டும் எவ்வளவு தூரம் செல்லும்? சிலரையேனும் முழுதாகக் கரையேற்றுவது என்பது ஒரு முறை. அம்முறையைத் தேர்ந்த பள்ளி குறைந்த செலவில் நடக்க இயலாது என்பதை மட்டும் கொடுப்போர் உணர்ந்தாற் போதும்.

கொடுக்க எண்ணும் அன்பர்களுக்குச் சில செய்திகள். பள்ளியின் தணிக்கை செய்யப்பட்ட ஆண்டுக் கணக்கைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். நேர்மையான பள்ளி மறுக்காது. தொகையைக் கட்டடத்துக்கு என்று ஒதுக்காமல், அன்றாடச் செலவுக்கு என்று குறிப்பிட்டே கொடுங்கள். 2000 ரூபாய்க்கு மேற்பட்ட நன்கொடையை ரொக்கமாகக் கொடுத்தால் வருமான வரியில் கழிவு கிடையாது. காசோலையாகவோ வங்கி வழியாகவோ அனுப்புக. புதிய வரிமுறையைத் தேர்ந்துகொண்டவர்களுக்கு எவ்வகையில் கொடுத்தாலும் அக்கழிவு இல்லை. தீபாவளிக்கும் பிறந்த நாளுக்கும் ஒருவேளை உணவு வழங்க முன்வருவோர் பலர் என்பதால், அந்நாட்களில் விடுதிகளில் இனிப்பு மிஞ்சுவதுண்டு. முன்கூட்டியே விசாரித்து, எவரும் கேட்காத ஒரு செவ்வாய்க்கிழமையைத் தேர்ந்துகொள்ளுங்கள்.