கடல் கடந்து கிளைவிட்ட படகுக் கழகம்

சங்கம் ஒன்றைத் தொடங்குவது எளிது. அதை வாழவைப்பதுதான் அரிது. நான் முன்பு பணியாற்றிய தோட்டம் ஒன்றில் இளைஞர் மன்றம் ஒன்று இருந்தது. வெளியிலிருந்து கேரம் பலகையும் பந்துகளும் நன்கொடையாக வந்தன. மாலை மரியாதையுடன் திறப்பு விழா நடந்தது. இரண்டே ஆண்டுகளில் மன்றக் கதவில் பூட்டுத் தொங்கியது. ஆனால், அதே இளைஞர்கள் மண்வெட்டி பிடித்துத் தாங்களே சமன்செய்த கைப்பந்துத் திடலில் மட்டும் ஆட்டம் ஓயவே இல்லை. இது ஏன்? இதற்கு விடை தருவது போல் அமைந்துள்ளது, ஸ்காட்லாந்தில் தோன்றிக் கடல் கடந்து கிளைவிட்ட ஒரு மரப்படகு இயக்கத்தின் வரலாறு. இன்று அதைப் பற்றிப் பார்ப்போம்.

ஸ்காட்லாந்தின் கிழக்குக் கரையில் ஃபைஃப் என்னும் வட்டாரம் உள்ளது. அது மீனவர் ஊர்களும் நிலக்கரிச் சுரங்கங்களும் நிறைந்திருந்த பகுதி. அங்குள்ள சுரங்கத் தொழிலாளர்கள் ஓய்வு நாளில் துடுப்புப் படகுகளில் ஊருக்கு ஊர் போட்டியிட்டு வந்தனர். 1950ஆம் ஆண்டுகளோடு அந்தப் பந்தயங்கள் மறைந்தன. மீன்பிடித் தொழில் குன்றியதால் மரப்படகு கட்டுவோரும் அருகினர். பழைய படகுகள் அருங்காட்சியகத்தில் இடம்பெற்றன. ஆனால், காட்சிக்கு வைத்த படகு கைத்தொழிலைக் காப்பாற்றுமா? படகைப் பார்க்கிறவர்கள் பெருகலாம். கட்டத் தெரிந்தவர்கள் பெருகமாட்டார்களே!

இதை உணர்ந்து செயலில் இறங்கியதும் ஓர் அருங்காட்சியகமே. ஆன்ஸ்ட்ரதர் என்ற ஊரில் உள்ள ஸ்காட்லாந்து மீன்பிடி அருங்காட்சியகம், 2009ஆம் ஆண்டில், ஊர்மக்களே கூடிக் கட்டிக்கொள்ளக்கூடிய ஒரு படகை வடிவமைக்கச் செய்தது. வரைந்து தந்தவர் இயன் ஓட்ரெட். ஆஸ்திரேலியாவில் பிறந்து ஸ்காட்லாந்தின் ஸ்கை தீவில் வாழ்ந்த இவர், 2024ஆம் ஆண்டில் காலமானார். அருங்காட்சியகம் நிற்குமிடத்தில் முற்காலத்தில் இருந்த தொழுகைக் கூடத்தின் பெயரே படகுக்கும் வைக்கப்பட்டது: செயின்ட் ஏல்ஸ்.

இப்படகின் நீளம் 22 அடி. நால்வர் ஆளுக்கொரு துடுப்பு வலிப்பர். ஐந்தாமவர் சுக்கான் பிடிப்பார். கூரையில் ஓடு வேயும்போது ஒன்றின் விளிம்பு மற்றொன்றின்மேல் படிகிறதல்லவா? அதைப் போலவே இதன் பக்கப் பலகைகளும் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கும். வட கடல் நாடுகளின் தொன்மையான முறை அது. ஆனால், பழைய நாள் போல் ஆணியடித்து இணைப்பதில்லை. தண்ணீரைத் தாங்கும் ஒட்டுப்பலகைகளை வலுவான பசையால் ஒட்டுகின்றனர்.

பலகைகளைச் சரியான வளைவில் அறுப்பதுதான் இதில் கடினமான வேலை. கைதேர்ந்த தச்சரே அதைச் செய்ய முடியும். அலெக் ஜார்டன் என்ற படகுத் தொழிலர் அந்தத் தடையை நீக்கினார். பலகைகளையும் அச்சுச் சட்டங்களையும் இயந்திரத்தால் துல்லியமாக வெட்டி ஒரே கட்டாக அனுப்பும் ஏற்பாட்டைச் செய்தார். தட்டையான அந்தக் கட்டு எந்த ஊருக்கும் போகும். வளைத்து ஒட்டுவதும், இருக்கை அமைப்பதும், துடுப்புச் செதுக்குவதும், வண்ணம் பூசுவதும் ஊர்மக்களின் பொறுப்பு. ஆசிரியர், செவிலியர், கடைக்காரர், ஓய்வு பெற்றோர் என உளி பிடித்தறியாத பலரும் குளிர்கால மாலைகளில் கொட்டகையில் கூடிப் படகு கட்டினர். 2010ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்துக் கடலோரத் துடுப்புப் படகுச் சங்கம் அமைந்தது.

இனி, கடல் கடந்த கிளைகளுக்கு வருவோம். நெதர்லாந்து, அமெரிக்கா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய நாடுகளிலும் இப்படகுகள் கட்டப்பட்டன. ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியா தீவில், ஹியூவன் ஆற்றங்கரையில், மரப்படகுத் தொழிலுக்குப் பேர்பெற்ற ஃபிராங்க்ளின் என்னும் சிற்றூரிலும் ஒரு படகு உருவாயிற்று. கிளை தொடங்குவோர் முதலில் தேட வேண்டியது மரத்தை அன்று, மனிதரை. பத்துப் பதினைந்து பேராவது மாதக்கணக்கில் வந்து உழைக்க உறுதி கூற வேண்டும். அடுத்து, மழை படாத ஒரு கொட்டகை. அதன்பின் பலகைக் கட்டும் பணமும். படகு முடிந்ததும், தங்கள் நாட்டுச் சட்டப்படி கழகத்தைப் பதிவு செய்து, பயிற்சியும் காப்புறுதியும் பாதுகாப்பு விதிகளும் ஏற்படுத்திக்கொள்ள வேண்டும்.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனியுங்கள். படகின் வடிவும் அளவும் எங்கும் ஒன்றே, அதை மாற்றலாகாது. பெயரும் வண்ணமும் நிர்வாகமும் அந்தந்த ஊரின் உரிமை. அளவு ஒன்றாக இருப்பதால், தொலைதூரத்திலிருந்து வருவோர் தம் படகைச் சுமந்து வராமல், இரவல் படகிலும் சமமாகப் போட்டியிடலாம். 2013ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்தின் அல்லாபூல் நகரிலும், 2016ஆம் ஆண்டில் வட அயர்லாந்தின் ஸ்ட்ராங்ஃபோர்ட் கடலேரியிலும் உலகப் போட்டிகள் நடந்தன.

நேயர்களே, ரப்பர்த் தோட்டத்தில் ஒட்டுக் கட்டுவதை நம்மில் பலர் அறிவோம். உயர்ந்த இனத்தின் மொட்டு வேறிடத்திலிருந்து வரும். வேரோ இந்த மண்ணில் ஊன்றிய கன்றுக்கு உரியது. இரண்டும் இணைந்தால்தான் மரம் பால் தரும். கிளைச் சங்கமும் அப்படியே. தாய்ச் சங்கம் தர வேண்டியது நல்ல திட்டமும் மாறாத அளவும். வேர் பிடிக்க வேண்டியவர்கள் ஊர்மக்கள். முடிந்த படகையே பரிசாக அனுப்பியிருந்தால், அது நம் மன்றத்துக் கேரம் பலகையைப் போல் மூலையில் கிடந்திருக்கும். தாமே கட்டிய படகைக் கரையில் மட்க விடுவதற்கு எவருக்கும் மனம் வராது.

உங்கள் ஊரிலும் நூலகமோ, நாடகக் குழுவோ, விளையாட்டு மன்றமோ தொடங்க எண்ணுகிறீர்களா? தலைவர் யார், திறந்து வைப்பவர் யார் என்று கேட்பதற்கு முன்னால், இதைக் கட்டப் போகும் கைகள் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள்.