ரஞ்சன்குடிக் கோட்டை

செஞ்சிக் கோட்டையைக் காண மூட்டை கட்டுகிறவர்கள், திருச்சி–சென்னைச் சாலையருகே நிற்கும் ரஞ்சன்குடிக் கோட்டையைத் திரும்பியும் பார்ப்பதில்லை. குன்னத்திலிருந்து பெரம்பலூர் வந்து, வடக்கே பத்து மைல் சென்றால் போதும். சென்ற கோடை விடுமுறையில் மாணாக்கர் சிலருடன் நாம் போய் வந்தோம்.

பதினேழாம் நூற்றாண்டில் ஜாகீர்தார் ஒருவர் கட்டுவித்தது என்பர். அகழி, அரைவட்டக் கொத்தளங்கள், படிப்படியாக உயரும் மூன்று மதில்கள். உள்ளே மாளிகை, நிலவறைகள், மசூதி. செதுக்கிய கற்களை அடுக்கியிருக்கும் நேர்த்தியை என்னவென்று சொல்வது!

இவ்வட்டாரத்தில்தான் 1751-ஆம் வருஷத்து வாலிகொண்டா யுத்தம் நிகழ்ந்தது. சந்தா சாகிபுக்குப் பிரெஞ்சுக்காரர் துணை. முகமது அலிக்கு ஆங்கிலேயர் துணை. இரு தரப்பாரும் கோட்டையைக் கேட்க, அதன் தலைவர் பிடிகொடுக்காமல் காலங்கடத்தினாராம். கெட்டிக்காரர்தாம்! ஆங்கிலப் படை கலைந்து திருச்சிப் பக்கம் பின்வாங்கியது. அதே வருஷம் ஆற்காட்டைப் பிடித்துப் புகழ்பெற்ற கிளைவும் அக்கூட்டத்தில் இருந்தவரே.

"நம்மவர்கள் எந்தப் பக்கம், ஸார்?" என்றான் ஒரு பையன்.

"இரண்டு பக்கமும், சிப்பாய்களாக" என்றோம். அவன் வெகுநேரம் பேசவில்லை.

கோட்டை இன்று மத்திய தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. போகிறவர்கள் காலையிலேயே ஏறிவிடுவது நலம். உச்சிவேளையில் கல் கொதிக்கிறது.